வாகனத் தகுதிப் பரிசோதனையும் வருடாந்தப் புதுப்பித்தலும்: விவசாயக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

புதுக்கடை என்றதும் கொழும்பில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நீதிமன்றங்கள்தான். உயர் நீதிமன்றம் முதல் நீதவான் நீதிமன்றங்கள் வரை ஒரே சூழலில் அமைந்திருக்கும் இடம் அது. காணிக்காகவும் காணாமற்போன பிள்ளைக்காகவும் அங்கு வந்து காத்திருக்கும் எமது மக்களை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வந்திருக்கிறோம். அண்மைக் காலத்தில் அவர்களோடு வேறொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. வன்னியிலிருந்து மரக்கறியோ பழமோ ஏற்றிக்கொண்டு பேலியகொடை மனிங் சந்தைக்கு வந்து, வழியில் பொலிசாரால் மறிக்கப்பட்டு, வாகனத்தின் பத்திரங்கள் சரியில்லை என்பதற்காக வழக்குக்கு வந்து நிற்கும் விவசாயிகள் அவர்கள். வழக்குத் தினத்துக்காக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, ஒரு நாட் கூலியையும் இழந்து, தண்டமும் கட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். இவர்களிற் பெரும்பாலோர் சட்டத்தை வேண்டுமென்று மீறியவர்கள் அல்லர். எந்தப் பத்திரத்தை எங்கே, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று எவரும் அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனாலேயே இதழின் இத்தனை பக்கங்களை இந்த விடயத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள், 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி முழுவதையும் கடந்து முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் என்று பலதரப்பட்ட குடும்பங்கள் இதனை வாசிக்கிறீர்கள். உங்களில் அநேகர் திரும்பிப் போயிருக்கிறீர்கள். சிலருக்கு இன்னும் வழி திறக்கவில்லை. எங்கிருந்தாலும், ஒரு பழைய லான்ட்மாஸ்ரரோ, லீசிங்கில் எடுத்த ஒரு பட்டாவோ, முச்சக்கரவண்டியோ இன்று உங்கள் வீட்டின் வருமானத்துக்கு மாட்டு வண்டியின் இடத்தைப் பிடித்துவிட்டது. வண்டி ஒரு வாரம் பொலிஸ் நிலைய முற்றத்தில் நின்றால் அடுப்பும் ஒரு வாரம் சரியாக எரியாது.

தேவையான பத்திரங்கள்

வாகனம் ஒன்று வீதியில் ஓடுவதற்கு முதலில் அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதற்கான பதிவுச் சான்றிதழை நாம் 'புத்தகம்' என்கிறோம். இது ஒருமுறை பெறுவது. கைமாறும்போது மட்டும் மாற்றப்படுவது. இதனை வழங்குவது மத்திய அரசின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். அதன் தலைமையகம் நாரஹேன்பிட்டியில் உள்ளது. (சாரதி அனுமதிப்பத்திர வேலைகளுக்கு வேரஹெர அலுவலகம். ஒன்றுக்குப் போக வேண்டியவர்கள் மற்றதற்குப் போய் ஒரு நாளை வீணாக்குவது வழக்கமாகிவிட்டது.)

ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது கண்ணாடியில் வைக்கும் வருமான உத்தரவுப் பத்திரம். கிராமத்தில் 'வரிப்பத்திரம்' என்று சொன்னாலும் இதுதான். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின்னர் இந்த வரி மாகாண சபைகளுக்கு உரியதாயிற்று. ஆகையால் இதனைக் கொழும்புத் தலைமையகத்தில் எடுக்க முடியாது. மாகாண மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் சார்பில் பிரதேச செயலகங்களே வழங்குகின்றன. புத்தகம் ஓரிடம், வரிப்பத்திரம் வேறோரிடம் என்ற இந்தப் பிரிவினை மனதில் பதிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

வரிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் போகும்போது வேறு பத்திரங்களைக் காட்ட வேண்டும். முதலாவது, நடப்பிலுள்ள காப்புறுதிச் சான்றிதழ். குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது சட்டப்படி கட்டாயம். இரண்டாவது, புகைப் பரிசோதனைச் சான்றிதழ். மூன்றாவது, பொருள் ஏற்றும் லொறி, பயணிகளை ஏற்றும் பஸ் போன்ற வர்த்தக வாகனங்களுக்குரிய தகுதிச் சான்றிதழ். 'பிற்னஸ்' என்று கராஜ்காரர் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. "நான் வாடகைக்கு ஓடவில்லை, என் தோட்டத்துச் சாமானைத்தான் ஏற்றுகிறேன், எனக்கு எதற்குத் தகுதிச் சான்றிதழ்?" என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் வாகனத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைச் செயலக எழுதுவினைஞர் பார்ப்பதில்லை. பதிவுப் புத்தகத்தில் வாகனம் எந்த வகுப்பில் பதியப்பட்டுள்ளது என்பதையே பார்ப்பார். சிறிய பட்டா கூடப் பெரும்பாலும் லொறி வகுப்பிலேயே பதியப்பட்டிருக்கும். ஆகவே வாகனம் வாங்கும் முன்னர் அந்த ஒரு வரியை வாசியுங்கள். உழவு இயந்திரத்தின் ரெயிலருக்கும் தனிப் பதிவும் தனி இலக்கமும் உண்டு என்பதையும், சாரதி அனுமதிப்பத்திரத்தில் கை உழவு இயந்திரத்துக்கு ஜீ1, நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜீ என்ற வகுப்புகள் தனியாகக் குறிக்கப்பட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு லான்ட்மாஸ்ரரில் நெல் மூடை ஏற்றிப் பிரதான வீதிக்கு வருவது இன்று அன்றாடக் காட்சி. விபத்தொன்று நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் தேடுவது இப்படியான ஓட்டையைத்தான்.

பரிசோதனையை எங்கே செய்விப்பது?

தகுதிச் சான்றிதழை எல்லாக் கராஜ்களும் வழங்க முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதற்கெனப் பதிவு பெற்று அங்கீகரிக்கப்பட்ட கராஜ்கள் மட்டுமே வழங்கலாம். உங்கள் ஊரில் கை தேர்ந்த மெக்கானிக் ஒருவர் இருக்கலாம். எஞ்சினைக் காதால் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். அவர் திருத்தலாம். அவருடைய கையொப்பம் செயலகத்தில் செல்லாது. ஆகவே திருத்தும் இடமும் சான்றிதழ் பெறும் இடமும் வேறாக இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டு திட்டமிடுங்கள்.

அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட கராஜைக் கண்டுபிடிக்கப் பிரதேச செயலகத்தின் வாகனப் பிரிவில் கேட்பதே நேர்வழி. நாள்தோறும் அந்தச் சான்றிதழ்களைக் கையில் வாங்குகிறவர்கள் அவர்கள். எந்தக் கராஜினது செல்லும், எதனது செல்லாது என்பது அவர்களுக்குத் தெரியும். அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் தமிழிலேயே விசாரிக்கலாம். கராஜுக்குப் போனதும் அங்கீகாரப் பத்திரத்தைக் காட்டும்படி கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள், அதில் திகதியைப் பாருங்கள். காலாவதியான அங்கீகாரத்தோடு ஒருவர் எழுதிக் கொடுத்த சான்றிதழுக்கு நீங்கள் கொடுத்த காசு வீண்.

புகைப் பரிசோதனையின் ஏற்பாடு வேறு. இந்நாட்டில் அது 2008 நவம்பரில் மேல் மாகாணத்தில் ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. லாஃப்ஸ் ஈகோ ஸ்ரீ, கிளீன்கோ லங்கா என்ற இரு தனியார் நிறுவனங்களுக்கு அரசு அந்தப் பொறுப்பை வழங்கியது. இரண்டில் எதன் நிலையத்துக்கும் போகலாம். எந்த ஊர் நிலையத்திலும் செய்விக்கலாம். வவுனியாவில் பதிந்த வாகனத்தை வவுனியாவில்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. கொழும்புக்குச் சுமையோடு வந்த வேளையில் இங்கேயே செய்துகொண்டு போகலாம். ஆனால் சுமையை இறக்கிவிட்டு, வாகனம் ஆறுதலாக நிற்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

புதுக்கடையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. பழைய உதிரிப்பாகங்களுக்கு இந்நாட்டில் அதற்கு நிகரான இடம் இல்லை. கிளிநொச்சியில் கிடையாத கியர் சில்லும் கண்ணாடியும் அங்கே கிடைக்கும். பரிசோதனையில் தவறிய வாகனத்துக்குப் பாகம் தேடி வருவோருக்கு ஒரு வார்த்தை: கண்ணாடி, கதவு, விளக்குக் கூடு போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. பிரேக் இறப்பர், பிரேக் குழாய், ஸ்ரேறிங் மூட்டு ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். எஞ்சினையே மாற்றுவதாயின் விற்பவரிடமிருந்து பற்றுச்சீட்டு வாங்க மறவாதீர்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் அதைப் பதிவுப் புத்தகத்திலும் மாற்றிப் பதிய வேண்டும். அப்போது அந்தப் பற்றுச்சீட்டைக் கேட்பார்கள்.

இன்னொரு வகை 'உதவி'யும் அலுவலகங்களின் வாசலில் காத்திருக்கும். "அண்ணை, வண்டி வரத் தேவையில்லை, புத்தகத்தின் கொப்பியைத் தாருங்கள், பின்னேரம் சான்றிதழ் கையில்" என்று சொல்லும் தரகர்கள். வாகனத்தைப் பாராமல் எழுதப்படும் சான்றிதழ் போலிச் சான்றிதழ். அது பிடிபட்டால் வழக்கு வருவது தரகர் மீதல்ல, வாகனச் சொந்தக்காரர் மீதே. பிடிபடாவிட்டால் இன்னும் மோசம். பிரேக் பிடியாத லொறியில் உங்கள் மகனே கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போவான்.

என்ன பார்க்கிறார்கள்?

தகுதிப் பரிசோதனையில் முதலிடம் பிரேக்குக்கு. காற் பிரேக் நான்கு சில்லையும் ஒருசேரப் பிடிக்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா, கைப் பிரேக் சரிவில் வாகனத்தை நிறுத்துகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து ஸ்ரேறிங்: சில்லுத் திரும்பாமலே வளையம் எவ்வளவு சுழல்கிறது என்பது கவனிக்கப்படும். ரயர் பூ தேய்ந்து நூல் தெரிகிறதா, பக்கச் சுவர் வெடித்திருக்கிறதா என்பதும், விளக்குகள், சமிக்ஞை விளக்குகள், ஹோர்ன், துடைப்பான், கண்ணாடிகள் என்பனவும் பார்க்கப்படும். சேசிஸ் துருப்பிடித்து ஒட்டுப் போடப்பட்டிருக்கிறதா, ஒயில் ஒழுகுகிறதா என்று வாகனத்தின் அடியிலும் பார்ப்பார்கள். பின்பு சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பார்கள்.

இவற்றிற் பெரும்பாலானவற்றை முதல் நாள் மாலை வீட்டு முற்றத்திலேயே நீங்கள் பார்த்துவிடலாம். வெறும் சிவப்பு விளக்கு எரியாத காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டு இன்னொரு நாள் கூலியை இழப்பதில் என்ன பயன்? ஒருவர் பிரேக்கை மிதிக்க மற்றொருவர் பின்னால் நின்று பார்த்தால் போதும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இதைத் தாராளமாகச் செய்யலாம். லீசிங் கடன் பெண்ணின் பெயரில், வாகனம் ஆணின் கையில் என்று இருக்கும் வீடுகளில் இந்தப் பத்திரங்களை வாசித்து வைத்திருக்க வேண்டியவர் அந்தப் பெண்தான் என்பது எமது கருத்து.

பிரேக்கைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். 2025 மே 11 இல் கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்ரெம்பர் 4 இல் எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் வீழ்ந்து பதினைந்து பேர் இறந்தார்கள். இரண்டும் மலைநாட்டு விபத்துகள். எமது நிலம் சமதரை, எமக்கென்ன என்று நினைக்கலாம். ஆனால் வன்னியின் நேரான வீதியில் வேகம் கூடுகிறது. இரவில் மாடு குறுக்கே படுத்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றிய லொறி நிற்பதற்குக் கூடிய தூரம் எடுக்கிறது. நெல் வெட்டுக் காலத்தில் ரெயிலரில் பத்துப் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு பின் விளக்கே இல்லாமல் வீடு திரும்பும் உழவு இயந்திரங்களை நாம் எத்தனையோ மாலைகளில் கண்டிருக்கிறோம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ரெயிலரின் பின்புறம் ஒளி தெறிக்கும் சிவப்புப் பட்டி ஒன்றை ஒட்டுவதற்கு ஆகும் செலவு, ஒரு வேளைத் தேநீர்ச் செலவிலும் சற்றுத்தான் கூட.

வெளிநாட்டிலுள்ள உறவினரோடு பேசும்போது இதை விசாரித்துப் பாருங்கள். லண்டனில் இருப்பவர் எம்.ஓ.ரி. என்பார்; அந்தப் பரிசோதனை 1960 இல் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கென்று தொடங்கி, இன்று மூன்று ஆண்டு நிறைந்த எல்லாக் கார்களுக்கும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஜேர்மனியில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்களுக்கு 'எஃப்.சி. காட்டுவது' என்ற பேச்சு நினைவிருக்கும்; அங்கே சொந்தப் பாவனைக் கார்களுக்கு முதற் பதினைந்து ஆண்டுகளின் பின்னரே பதிவைப் புதுப்பிக்கும் பரிசோதனை வருகிறது, வாடகை வாகனங்களுக்கோ அதற்கு முன்னரே அடிக்கடி வருகிறது. எங்கும் அடிப்படை ஒன்றுதான்: பிறருடைய உயிரையும் பொருளையும் ஏற்றும் வாகனத்துக்குக் கட்டுப்பாடு கூட.

புகை

புகைப் பரிசோதனையில் பெற்றோல் வாகனத்தின் குழாயில் கருவியொன்றைச் செருகி, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் நிமிடத்துக்கு 2500 சுற்று ஓடும்போதும் வெளியேறும் கார்பன் மொனொக்சைட்டையும், எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன்களையும் அளக்கிறார்கள். டீசல் வாகனத்துக்கு வேறு முறை. அக்சிலறேற்றரைச் சட்டென்று முழுதாக மிதித்து விடுவார்கள். இப்படிச் சில தடவை. அப்போது வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் கருவி கணக்கிடும். எஞ்சின் ஒயில் குறைந்த, ரைமிங் பட்டி பழுதான வாகனத்தை இந்தச் சோதனைக்குக் கொண்டுபோனால் எஞ்சினே உடையலாம். ஆகவே ஒயிலையும் பட்டியையும் முன்னரே பாருங்கள்.

எமது பிரதேசத்தவருக்குப் புகை புதிய விடயமன்று. 1990 முதல் எரிபொருள் தடை நிலவிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்த சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குக் கொடுத்துச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதி முழுவதும் வெண்புகையும் கண்ணெரிவும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாவதில்லை. ஆதலால் அது முழுதாக எரியாமல் துளியாகவே குழாயால் வெளியேறியது. அந்தக் கெட்டித்தனத்தால்தான் எத்தனையோ நோயாளர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் சிலரிடம் மிச்சமிருக்கிறது. விலை குறைவு என்று டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுகிறார்கள். மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லை. ஊசிப் பம்பும் நொசிலும் தேய்ந்து போகும். மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு பம்புக்காரரிடம் போகும்.

புகையின் நிறமே நோயைச் சொல்லும். கரும் புகை என்றால் எரிபொருள் கூட, காற்றுக் குறைவு. முதலில் காற்று வடியைத் திறந்து பாருங்கள். செம்மண் தூசியில் உழும் மசி பேகுசன் போன்ற பழைய உழவு இயந்திரங்களில் காற்று வடியின் கிண்ணத்தில் ஒயில் இருக்கும். அது சேறாகிப் போயிருந்தால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். அதன் பிறகே நொசிலையும் பம்பையும் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. பிஸ்ரன் வளையம் தேய்ந்திருக்கலாம். அது பெருஞ் செலவு. ஒயிலை மாற்றி ஒப்பேற்றிவிடலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். பரிசோதனைக்குப் போகும் அன்று கொஞ்சத் தூரம் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே நிலையத்துக்குள் நுழையுங்கள். குளிர்ந்த எஞ்சின் கூடப் புகைக்கும்.

தவறிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. எந்த அளவு கூடியிருக்கிறது என்று எழுதிய அறிக்கை ஒன்றைத் தருவார்கள். அதை எறியாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். வைத்தியர் இரத்தப் பரிசோதனையைப் பார்ப்பது போல அவருக்கு அது உதவும். திருத்திக்கொண்டு மறுபடியும் போகலாம்.

திகதிக் கணக்கு

இனிப் புதுப்பித்தல். வரிப்பத்திரம் பன்னிரண்டு மாதத்துக்கு. அது முடியும் திகதி அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், காப்புறுதிக்கு ஒரு திகதி, புகைச் சான்றிதழுக்கு ஒரு திகதி, தகுதிச் சான்றிதழுக்கு ஒரு திகதி என்று எல்லாம் வெவ்வேறாக இருப்பதில்தான். வரிப்பத்திரம் பெறும் நாளில் இவை எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். உதாரணமாக, வரிப்பத்திரம் ஜூன் 20 இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். காப்புறுதி ஜூன் 10 இல் முடிகிறது. 15 ஆம் திகதி நீங்கள் செயலகத்துக்குப் போனால், வரிப்பத்திரம் இன்னும் ஐந்து நாள் செல்லுபடியானதே ஆயினும், காப்புறுதி செத்துப் போனதால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஒரு வருடம் சற்று முன்பின்னாகக் காசு கட்டியாவது எல்லாவற்றையும் ஒரே மாதத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை அலைந்தால் போதும். எங்கள் ஆலோசனை: அறுவடைக் காசு கையில் இருக்கும் மாதமாக அதைத் தெரிந்தெடுங்கள். விதைப்புக் காலத்தில் வரும் புதுப்பித்தல் வட்டிக் கடனில்தான் முடியும். வீட்டுச் சுவர்க் கலண்டரில் முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்னதாக ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.

பிந்தினால் வரியோடு தண்டமும் சேரும். பிந்தப் பிந்த அது ஏறும்.

முன்பெல்லாம் வட மாகாணத்து வாகனத்துக்கு வட மாகாணத்திலேயே பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. கொழும்பிலோ புத்தளத்திலோ தங்கியிருந்த குடும்பங்கள் இதற்காகவே ஊருக்குப் போய் வந்தன. 2023 இல் புதிதாக்கப்பட்ட இணையவழி முறையின் பின்னர் எந்த மாகாணத்திலிருந்தும் இணையத்தின் ஊடாகப் புதுப்பிக்கலாம். காப்புறுதியும் புகைச் சான்றிதழும் அந்தக் கணினியிலேயே சரிபார்க்கப்படுகின்றன. வங்கி அட்டை வேண்டும். உயர்தரம் படிக்கும் பிள்ளையொன்று வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாதவர்கள் செயலகத்துக்குப் போகலாம். அந்த வழி அடைபடவில்லை. வாகன இலக்கத் தகட்டில் மாகாண எழுத்துகளைப் பொறிக்கும் வழக்கமும் 2023 முதல் புதிய தகடுகளில் கைவிடப்பட்டது. (இலக்கத் தகட்டில் ஓர் எழுத்து என்ன பாடு படுத்தும் என்பது எமது மூத்தோருக்குத் தெரியும். 1957 இல் தகடுகளில் சிங்கள ஸ்ரீ வந்ததும், அதை எதிர்த்துத் தார் பூசியதும், 1958 வரை அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் தனிக் கதை.)

வாகனம் ஓடாமல் நிற்கிறதா? புளியமரத்தடியில் சில்லில்லாமல் கிடக்கும் லொறிக்கும் வரி ஏறிக்கொண்டே போகும் என்பது பலருக்குத் தெரியாது. வாகனம் பாவனையில் இல்லை என்று வரிப்பத்திரம் முடியும் முன்னரே பிரதேச செயலகத்தில் அறிவித்தல் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படிக் கொடுத்தால் அந்தக் காலத்து நிலுவை சேராது. கொடுத்த பத்திரத்தின் பிரதியைத் திகதி முத்திரையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வாகனத்தை வீதிக்கு இறக்கவும் கூடாது.

புத்தகம் தொலைந்தவர்களும் 'திறந்த பத்திர'க்காரரும்

இடம்பெயர்வின்போது வாகனமும் போய், புத்தகமும் போனவர்கள் பலர். வாகனம் இருக்கிறது, புத்தகம் மட்டும் இல்லை என்றால், பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெற்று, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் பதிவுச் சான்றிதழின் இரண்டாம் பிரதியைப் பெறலாம். வாகன இலக்கமோ சேசிஸ் இலக்கமோ தெரிந்திருக்க வேண்டும். பழைய காப்புறுதித் துண்டு, பழைய வரிப்பத்திரம், ஒரு கலியாணப் படத்தில் முன்னால் நிற்கும் வாகனத்தின் தகடு, எதுவும் உதவலாம். வாகனமே இல்லை, முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்டு அழிந்தது என்றால் பதிவை நீக்கும்படி எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். அது உங்கள் பெயரிலேயே இருக்கும் வரை அதன் பொறுப்பும் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

இதைவிடப் பெரிய வியாதி 'திறந்த பத்திரம்'. விற்றவரின் கையொப்பம் மட்டும் இட்ட வெறும் படிவங்களோடு வாகனம் நான்கைந்து கை மாறிவிடுகிறது. பெயர் மாற்றம் நடப்பதில்லை. உரிமை மாறிப் பதினான்கு நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கியவர் நிரப்புவது எம்.ரீ.ஏ. 6, விற்றவர் கொடுக்க வேண்டியது எம்.ரீ.ஏ. 8. விற்றவர் தமது பாகத்தைச் செய்யாவிட்டால், வாங்கியவர் செய்யும் விபத்துக்கும் குற்றத்துக்கும் முதலில் பொலிசார் தேடி வருவது விற்றவரின் வீட்டுக்கே. வாங்கியவரோ, பதிவில் உள்ளவர் இறந்தோ வெளிநாடு போயோ விட்டால் பெயரை மாற்ற முடியாமல் தவிப்பார். 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது இதன் கொடுமை வெளியே தெரிந்தது. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்துப் பதிய வேண்டியிருந்த அந்த வேளையில், சொந்த வாகனத்தின் புத்தகத்தையே காணாதவர்கள் வெறும் தாங்கியோடு வரிசையில் நின்றார்கள். லீசிங்கில் உள்ள வாகனத்தைத் திறந்த பத்திரத்தில் வாங்குவதோ, அதிலும் மோசம். தவணை நின்றால் வாகனத்தைத் தூக்குவதற்கு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நீங்கள் கொடுத்த காசை எவரிடமும் கேட்க முடியாது. வாங்கும் முன் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் எவருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

வீதியில் மறித்தால்

பொலிசார் மறித்தால் பத்திரங்களைக் காட்டுங்கள், வாக்குவாதம் வேண்டாம். சிறு குற்றங்களுக்கு அவ்விடத்திலேயே தண்டப் பத்திரம் எழுதித் தருவார்கள். அதைத் தபாலகத்தில் 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும். தவறினால் 28 நாட்கள் வரை இரட்டிப்புத் தொகை. அதற்கும் பிந்தினால் நீதிமன்றம். 2025 முதல் கைத்தொலைபேசி மூலம் கட்டும் கவ்பே முறையும் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. பற்றுச்சீட்டு இல்லாமல் கையில் காசு கொடுக்காதீர்கள். காப்புறுதி இல்லாமை போன்ற கடுங்குற்றங்கள் நேரே நீதிமன்றத்துக்குப் போகும். வாகனம் ஓடத் தகுதியற்றது என்று பொலிசார் கருதினால் மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கைக்கு அனுப்புவார்கள். அப்போது குறைகளைத் திருத்தி, அவர் பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே வாகனம் மறுபடியும் வீதிக்கு வரலாம்.

புதுக்கடைக்கு அழைப்பாணை வந்துவிட்டால் கட்டாயம் போங்கள். தூரத்தைக் காட்டிப் போகாமல் விட்டால் பிடியாணை பிறக்கும். அது பதுங்கியிருந்து, கடவுச்சீட்டு எடுக்கப் போகும் ஒரு நாளில் அல்லது சோதனைச் சாவடி ஒன்றில் வந்து முன்னால் நிற்கும். போகும்போது இதற்கிடையில் புதுப்பித்த பத்திரங்களின் மூலப் பிரதிகளைக் கொண்டு போங்கள். குறையை நிவிர்த்தி செய்துவிட்டு வந்து நிற்பவரையும் அப்படியே வந்து நிற்பவரையும் நீதவான் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வழக்கு சிங்களத்தில் நடந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. காலை 9 மணிக்கு முன்னரே போய், அறிவித்தற் பலகையில் உங்கள் வழக்கு எந்த மன்றத்தில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாகனத்தை ஊரிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள். அந்தத் தெருக்களில் லொறி நிறுத்த இடமும் இல்லை, நிறுத்தினால் இன்னொரு தண்டமும் உண்டு.